தொண்டை கட்டிய அத்தாயி வீடு வாங்கிய விதம்

கொல்லிமலைக்கு மிளகு எடுக்க வரும் வியாபாரிகளுக்குள் ஒரு பேச்சு உண்டு. வளப்பூர் நாட்டில் அத்தாயியிடம் கடைசியாகத்தான் போக வேண்டும். முதலில் போனால் அன்றைக்கு வேறு யாரிடமும் விலை பேசத் தெம்பு இருக்காது.

அத்தாயிக்கு ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். பெரக்கரை நாட்டில் பிறந்து வளப்பூர் நாட்டில் வாக்கப்பட்டவள்; மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. ஒன்றரை ஏக்கரில் மிளகும் மரவள்ளியும், நாலைந்து பலா மரமும் உண்டு. பள்ளிக்கூடத்தில் கற்றது கையெழுத்துப் போடுவதோடு சரி. ஆனால் பேரம் பேசுவதில் அவளை மிஞ்ச மலையிலும் ஆள் இல்லை, அடிவாரத்திலும் ஆள் இல்லை. கத்த மாட்டாள். கோபப்பட மாட்டாள். பொருளைக் கையில் எடுத்துப் பரிதாபமாகப் பார்ப்பாள். பிறகு அதில் உள்ள கோளாறுகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பிப்பாள். விற்க வந்தவனுக்கே அந்தப் பொருளின் மேல் ஒரு வெறுப்பு வந்து, எப்படியாவது இதைத் தலைமுழுகினால் போதும் என்று தோன்றும்வரை சொல்லிக்கொண்டே இருப்பாள். ஆஸ்பத்திரியில் பத்து நாளைக்கு மாத்திரை எழுதினால் அதை ஏழு நாளுக்குப் பேசி முடிப்பாள்.

அவள் புருஷன் செங்கோடன் வேறு மாதிரி. எதைப் பார்த்தாலும் அவனுக்குப் பிடித்துவிடும். கடையில் வேட்டி வாங்கப் போனால், "இந்த வேலைப்பாட்டுக்கு நீங்க சொல்ற வெலை கம்மிங்களே" என்று கடைக்காரரிடமே சொல்வான். அதனால் கல்யாணமான புதிதிலிருந்தே அத்தாயி அவனைக் கடைக்கு வெளியே நிற்கவைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். அவன் வெளியே நின்று கடையின் போர்டைப் பாராட்டிக்கொண்டிருப்பான்.

அவர்கள் வீடு ரோட்டிலிருந்து நல்ல பள்ளத்தில் இருந்தது. மிளகு மூட்டையோ பலாப்பழமோ, எல்லாவற்றையும் தலையில் வைத்து மேடேறித்தான் பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுவர வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த பிறகு பேரம் பேச வேண்டியிருந்தது அத்தாயிக்குப் பெரிய குறை. மூச்சு வாங்காமல் பேசினால் இன்னும் எவ்வளவு பேசலாம் என்று நினைத்துப் பார்ப்பாள். பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே சின்னக்கண்ணுவின் ஓட்டு வீடு இருந்தது. அவர் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். மகள் ராசிபுரத்தில் இருந்தாள். வயதாகிவிட்டது, மகளோடு போய் இருக்கலாம் என்று அவரும் அவர் மனைவி பாப்பாத்தியும் முடிவு செய்து, வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார்கள். பழைய வீடு. வேலை நிறைய இருந்தது. எட்டு லட்சம் என்று விலை சொன்னார்கள்.

அத்தாயி ஆறு லட்சம் என்று மனதில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுவதாகச் சொல்லி அனுப்பினாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை தங்கை மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க நாமக்கல் போனார்கள். காலையில் கடை திறந்ததும் உள்ளே போன அத்தாயி, விளக்குப் போட்ட பிறகுதான் வெளியே வந்தாள். கடைக்காரர் இரண்டு முறை டீ வரவழைத்தார், ஒரு முறை தன் அண்ணனை வரவழைத்தார். கடைசியில் அவர் கேட்டதெல்லாம், இனிமேல் வேறு கடைக்குப் போவீர்களா என்பதுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம். கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏறப் பனி முகத்தில் அடித்தது. மறுநாள் எழுந்து, "ஏனுங்க" என்று புருஷனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் அமலோற்பவம் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். திண்டுக்கல் பக்கத்திலிருந்து மலைக்கு மாற்றலாகி வந்தவர். "புண்ணாப் போயிருக்குக்கா. பத்து நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. குசுகுசுன்னுகூடப் பேசக் கூடாது. சளியும் இருக்கு, ஆவி பிடிங்க" என்றார்.

அத்தாயி அஞ்சு விரலைக் காட்டினாள்.

"பத்துக்கா."

அத்தாயி ஒரு விரல் கூட்டி ஆறு காட்டினாள். அமலோற்பவம் செங்கோடனைப் பார்த்தார். செங்கோடன், "டார்ச்சு நல்ல வெளிச்சமுங்க சிஸ்டர்" என்றான். கடைசியில் ஏழு நாளில் பேச்சு முடிந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. தள்ளிப்போடவும் வழியில்லை. திங்கட்கிழமை செம்மேட்டிலிருந்து வேறொருவர் வீட்டைப் பார்க்க வருவதாகப் பேச்சு இருந்தது. வேறு வழியே இல்லை, செங்கோடன்தான் பேச வேண்டும். அத்தாயி அன்று சாயங்காலம் முழுக்கக் கையாலும் கண்ணாலும் நடித்துக் காட்டி அவனுக்கு இரண்டு சைகைகள் சொல்லிக் கொடுத்தாள். அவள் மூக்கைத் தொட்டால் அவன் வீட்டில் ஏதாவது குறை சொல்ல வேண்டும். அவள் தலையில் கையை வைத்தால், பேச்சு போதும் என்று எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். போனால் பின்னாலேயே கூப்பிட வருவார்கள். அப்போது விலை இறங்கும்.

"புரிஞ்சுது அத்தாயி. ரொம்ப நல்ல ஏற்பாடு" என்றான் செங்கோடன்.

அங்கே சின்னக்கண்ணு வீட்டிலும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அத்தாயி வருகிறாள் என்றதும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. அவள் என்னென்ன குறை சொல்வாள் என்று யோசித்து ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் செய்தார். பாப்பாத்தியை அத்தாயி மாதிரி பேசச் சொல்லிப் பழகினார். பாப்பாத்தி அதை அளவுக்கு மேல் நன்றாகச் செய்துவிட்டதால் இருவருக்கும் சனிக்கிழமை பேச்சுவார்த்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தாயியும் செங்கோடனும் போனார்கள். அத்தாயிக்குத் தொண்டை கட்டிய விஷயத்தைச் சொல்லிவிட்டால் எதிராளிக்குத் தெம்பு வந்துவிடும். அதனால் செங்கோடன் வாயைத் திறக்கக் கூடாத ஒரே விஷயம் அதுதான். அதை மட்டும் அவன் ஒழுங்காகக் காப்பாற்றினான்.

கூடத்தில் பெஞ்சு போட்டு உட்காரவைத்தார்கள். பாப்பாத்தி டீ கொண்டுவந்தாள். சின்னக்கண்ணு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அத்தாயியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தாயி ஒரு சுற்றுக் கூரையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். டீயை ஒரு வாய் குடித்தாள்.

ரோட்டில் ஒரு லாரி போயிற்று. சின்னக்கண்ணுவுக்குத் தாங்க முடியவில்லை. வாரம் முழுக்கத் தயார் செய்த பதில்கள் வாயில் முட்டிக்கொண்டு நின்றன.

"நீங்க என்ன கேப்பீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க அம்மிணி" என்று ஆரம்பித்தார். "சமையக்கட்டுச் செவுரு ஏன் வெளிய சாஞ்சிருக்குதுன்னு கேப்பீங்க."

அத்தாயிக்கு அது தெரியாது. கண்ணை மட்டும் கொஞ்சம் விரித்தாள்.

"சாஞ்சிருக்குதுங்களா?" என்றான் செங்கோடன்.

"கொஞ்சமுங்க. ஆனா ரொம்ப வருசமா அப்படியேதான் நிக்குது. உழுகற செவுரா இருந்தா எப்பவோ உழுந்திருக்கும். அதுக்கு அந்த எண்ணமே இல்லீங்க."

"நல்ல செவுருங்கண்ணா."

அத்தாயிக்குச் சளி. மூக்கு ஒழுகியது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். செங்கோடன் நிமிர்ந்து உட்கார்ந்தான். குறை சொல்ல வேண்டிய நேரம். நாலு பக்கமும் பார்த்தான். அவனுக்கு எல்லாமே நன்றாகத்தான் இருந்தது.

"ஓடு" என்றான் கடைசியில். "ஓடு வந்துங்க, ரொம்பச் செவப்பா இருக்குது."

சின்னக்கண்ணு கூரையை அண்ணாந்து பார்த்தார். அவர் தயார் செய்த பட்டியலில் ஓட்டின் நிறம் இல்லை. அத்தாயி சொல்லிக்கொடுத்துத்தான் இவன் ஏதோ மறைமுகமாகக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சுபோச்சுங்களா" என்றார். "ஆமாங்க, ஓட்டுக்கடியில விட்டத்துல கரையான் இருக்குது. ஆனா பாதிதாங்க தின்னுருக்குது. மீதிப் பாதி நல்ல வைரம் பாஞ்ச மரம். அதனால விட்டுருச்சு."

"முழுசும் ஒரே மரந்தாங்க" என்றாள் பாப்பாத்தி.

"நீ சும்மாயிரு."

அத்தாயி மறுபடியும் மூக்கைத் துடைத்தாள். செங்கோடனுக்கு வியர்த்தது. "காத்து நல்லா வருதுங்க. இவ்வளவு நல்லா வந்தா அப்பறம் எந்திரிக்க மனசு வராதுங்களே" என்றான்.

சின்னக்கண்ணு அதையும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். காற்று வரும் வழியாகத்தான் மழையும் வரும் என்று ஒப்புக்கொண்டார். "ஆனா கண்ட எடத்துல ஒழுகாதுங்க. எப்பவும் ஒரே எடந்தான். கீழ ஒரு அண்டாவ வெச்சீங்கன்னா தண்ணி தூக்கற வேலை மிச்சம்." பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. கூடத்தில் சுவிட்சைப் போட்டால் ஆட்டுக்கொட்டகையில் லைட் எரியும் என்பதைச் சொன்னார். ஆட்டுக்கொட்டகையில் சுவிட்சைப் போட்டால் எங்கேயும் எரியாது, அதனால் கரண்டு பில் கம்மி என்றார். பரண் மேல் ஒரு மரநாய் குடியிருக்கிறது, ஆனால் அது தன் சோலியைப் பார்த்துக்கொண்டு போகும், யார் வம்புக்கும் வராது என்றார்.

"ஏனுங்க, அதையெல்லாம் ஆருங்க கேட்டாங்க?" என்றாள் பாப்பாத்தி.

"கேக்கல. ஆனா பாரு, அம்மிணி எப்பிடிப் பாக்குதுன்னு" என்றார் சின்னக்கண்ணு. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஏழரைன்னு வெச்சுக்கலாமுங்க" என்றார்.

பிறகு சமையல்கட்டைக் காட்டக் கூட்டிப்போனார்கள். அதன் வாசல் குள்ளம். அத்தாயி சாய்ந்த சுவரைப் பார்க்கிற ஆவலில் குனிய மறந்தாள். நிலையில் நடுமண்டை நங்கென்று மோதியது. வலி தாங்காமல் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள்.

செங்கோடன் அதைப் பார்த்தான். மோதின சத்தத்தை அவன் கவனிக்கவில்லை, கையை மட்டும் கவனித்தான். டீ டம்ளரைத் தரையில் வைத்தான். துண்டை உதறித் தோளில் போட்டான். "அப்பப் போய்ட்டு வாரனுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

அத்தாயியால் கூப்பிட முடியவில்லை. தலையைப் பிடித்தபடியே அவன் பின்னால் ஓடினாள். சின்னக்கண்ணுவின் கண்ணுக்கு, சுவரைப் பார்த்த மாத்திரத்தில் அந்த அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடுவதாகத்தான் தெரிந்தது. கையில் டீ டம்ளரோடு அவரும் ஓடினார்.

செங்கோடன் ரோட்டுக்கு வந்துவிட்டான். திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்று தெரியும், எங்கே போக வேண்டும் என்று தெரியாது. எதிரே நாமக்கல் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஏறிவிட்டான். அவனை இறக்க அத்தாயி ஏறினாள். அவளை இறக்க சின்னக்கண்ணு ஏறினார். கண்டக்டர் சந்தோஷ்குமார் விசில் அடித்தான்.

"டம்ளரு, டம்ளரு" என்று பாப்பாத்தி வாசலிலிருந்து சொன்னது கேட்டது. பஸ் நகர்ந்துவிட்டது.

அத்தாயி புருஷன் கையைப் பிடித்து இழுத்து, கீழே இறங்கலாம் என்று விரலால் தரையைக் காட்டினாள். அவன் தலையாட்டிவிட்டு முன் சீட்டருகே நின்றிருந்த சின்னக்கண்ணுவிடம், "இன்னும் கீழ எறங்கோணுமாமுங்க" என்றான்.

"ஏழுங்க" என்றார் சின்னக்கண்ணு.

அதற்குள் மூன்று டிக்கெட் கிழித்தாகிவிட்டது. அடிவாரம்வரைக்கும் சின்னக்கண்ணுதான் காசு கொடுத்தார். செம்மேடு வந்தபோது அத்தாயி மறுபடி எழுந்தாள். எழுந்தவளுக்கு வழி விடாமல் அவர் நின்று, கூடத்துப் பெஞ்சையும் சேர்த்துத் தந்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பிவிட்டது. சலித்துப்போய் உட்கார்ந்தாள்.

வளைவுகள் ஆரம்பித்தன. அத்தாயிக்கு இறக்கத்தில் தலை சுற்றும். ஒவ்வொரு வளைவிலும் கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள், நேரான பிறகு திறப்பாள். அது அவள் சின்ன வயதிலிருந்து செய்வது. சின்னக்கண்ணுவுக்கு அது எப்படித் தெரியும். விலை சொல்லும்போதெல்லாம் அந்த அம்மாள் கேட்கவே பிடிக்காமல் கண்ணை மூடுவதாக அவர் பார்த்தார்.

"ஆறே முக்காலுங்க."

பஸ் வளைந்தது. அத்தாயி கண்ணை மூடினாள்.

"ஆறரை. இதுக்குக் கீழ எப்பிடிங்க அம்மிணி?"

இன்னொரு வளைவு. பின் சீட்டில் பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த ஒரு பெண், "கண்ணையே தொறக்க மாட்டேங்குதே. இன்னும் கொறைங்கண்ணா" என்றாள். பஸ்ஸில் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். சந்தோஷ்குமார் மீதிச் சில்லறை கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான். சின்னக்கண்ணு ஒரு கையால் கம்பியையும் மறு கையால் டம்ளரையும் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டே விலையை இறக்கினார். ஆறேகால். ஆறு. அஞ்சே முக்கால்.

அத்தாயி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். ஆறுதான் அவள் நினைத்திருந்த விலை. ஒரு வார்த்தை பேசாமல், ஒரு குறையை எடுத்துக்காட்டாமல், அதற்கும் கீழே போய்விட்டது. அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. ஏதோ அடுத்தவர் காட்டில் பலாப்பழம் பறித்த மாதிரி இருந்தது. போதும், நிறுத்துங்கள் என்று உள்ளங்கையை விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

சின்னக்கண்ணு அந்த அஞ்சு விரலையும் பார்த்தார்.

"அஞ்சுங்களா?" என்றார். அத்தாயி இல்லை என்று வேகமாகத் தலையை ஆட்டினாள்.

"அதுக்கும் கீழயாமா" என்றாள் பலாப்பழக்காரி.

"வேண்டாமுங்க அம்மிணி, அஞ்சுன்னே வெச்சுக்கலாம். அஞ்சுதான். முடிஞ்சுது" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, பக்கத்து சீட்டின் விளிம்பில் உட்கார்ந்தார். டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, லாரி ஓட்டின காலத்தில்கூட இந்த ரோட்டில் தனக்கு இப்படி மயக்கம் வந்ததில்லை என்று யாரிடமோ சொன்னார்.

அத்தாயி பார்த்தாள். நர்ஸ் சொன்னது ஞாபகம் இருந்தது. தொண்டையைச் செருமினாள். பஸ் அடுத்த வளைவுக்கு ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"ஆறு" என்றாள்.

கதவு கீச்சிட்ட மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. செங்கோடன் வாயைப் பிளந்தான். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு விலையை மேலே ஏற்றிக் கேட்டதே இல்லை.

"தொண்டை கட்டிருச்சுங்கண்ணா, அதான் பேசல. தலையில அடிபட்டுருச்சு, அதான் கைய வெச்சா" என்று எல்லாவற்றையும் கொட்டினான். கொட்டும்போதே அவனுக்கும் விஷயம் விளங்கியது.

சின்னக்கண்ணு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை, ரோஷம் வந்தது. "இல்லீங்க. இத்தன பேரு முன்னால அஞ்சுன்னு சொன்னவன் அப்பறம் ஆறு வாங்கலாமுங்களா? அஞ்சு குடுங்க போதும்."

அத்தாயி ஆறு விரலைக் காட்டினாள். அவர் ஒரு கையைக் காட்டினார். அவள் சுண்டு விரலை ஆட்டினாள். அவர் டம்ளரை ஆட்டினார். அடிவாரம் வந்துவிட்டது. பஸ் நின்றும் யாரும் இறங்கவில்லை.

"ஏனுங்க, எனக்கு டைம் ஆகுதுங்க" என்றான் சந்தோஷ்குமார். "அஞ்சரைன்னு ரெண்டு பேரும் ஒத்துக்குங்க. இல்லீன்னா நாமக்கல்லுக்கு டிக்கெட் எடுங்க."

டிக்கெட்டுக்குக் காசு கொடுக்க இருவருக்குமே மனம் வரவில்லை. அஞ்சரையில் முடிந்தது.

மறுநாள் அமலோற்பவம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பேசுனீங்களா?" என்று கேட்டார். அத்தாயி ஒரு விரலைக் காட்டினாள். ஒரே ஒரு வார்த்தை. அதற்கு இன்னும் ஒரு வாரம் கூடிற்று. இந்த முறை அவள் பேரம் பேசவில்லை.

ஒரு மாதத்தில் பத்திரம் முடிந்து, மராமத்துக்கு மேஸ்திரி அர்த்தனாரி வந்தார். அதற்குள் அத்தாயிக்குக் குரல் திரும்பியிருந்தது. சாய்ந்த சுவரை இடித்து எடுக்க ஒரு நாள் கூலி என்று பேச்சு. காலையில் வந்தவர் கடப்பாரையை ஓரமாக வைத்துவிட்டு, எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று சுவரில் உள்ளங்கையை வைத்தார். சுவர் விழுந்துவிட்டது.

"தொட்டதுக்கு ஒரு நாள் கூலிங்களா?" என்றாள் அத்தாயி.

"உழுந்த மண்ண ஆருங்க அள்றது?" என்றார் அர்த்தனாரி.

அதில் தொடங்கிய பேச்சு சாயங்காலம்வரை நடந்தது. ஆகவே ஒரு நாள் கூலி கொடுக்கும்படி ஆயிற்று. வேலையாட்களை விட்டு நகர மனமில்லாமல் அங்கேயே தங்கி, சமையல்கட்டு இல்லாததால் வாசல் பலா மரத்தடியில் அடுப்பு வைத்துப் பொங்கினார்கள். மழை வந்தால் செங்கோடன் குடை பிடிப்பான். வெட்டவெளியில் வேகிற சோற்றுக்குத் தனி ருசி என்பான். விட்டம் மாற்றினார்கள், ஓடு மாற்றினார்கள், சமையல்கட்டு வாசலை உயர்த்திக் கட்டினார்கள். மரநாய் தானாகவே எங்கோ போய்விட்டது.

பால் காய்ச்சின அன்று ராசிபுரத்திலிருந்து சின்னக்கண்ணுவும் பாப்பாத்தியும் வந்தார்கள். சின்னக்கண்ணு வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். சுவிட்சைப் போட்டார். கூடத்திலேயே லைட் எரிந்தது. முகம் வாடிப்போய் வந்து உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் நேராக்கிப் போட்டீங்க அம்மிணி. அந்த ஊட்டப் பத்திச் சொல்றதுக்கு எங்கிட்ட எவ்வளவு இருந்துது தெரியுமுங்களா. இப்ப என்ன இருக்குது சொல்றதுக்கு?"

"அப்பாடா" என்றாள் பாப்பாத்தி.

அத்தாயி அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். ராசிபுரத்தில் மகள் வீடு எப்படி என்று கேட்டாள். சின்னக்கண்ணு கொஞ்சம் யோசித்தார். அங்கே மொட்டைமாடித் தண்ணீர் தொட்டி நிரம்பினால் அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார் என்று ஆரம்பித்தார். செங்கோடன் நெருங்கி உட்கார்ந்து, ரொம்ப நல்ல தொட்டிங்கண்ணா என்றான். சாயங்கால பஸ்ஸுக்கு நேரம் ஆகும்வரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.